ஜெர்மன் பி.ஏ. ரிவ்யூ: மூன்று வருடம் படித்தேன், ஏழு வருடமாக அதை வைத்துத்தான் பிழைப்பு

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. மீதி ஒன்றரை எங்கே போனது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியும் இலக்கியமும் முதன்மைப் பாடமாக எடுத்து மூன்று வருடம் படித்தேன். முடித்ததும் சில வருடம் மொழிபெயர்ப்பு, அப்புறம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஜெர்மன் பேசும் வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று ஏழு வருடம் ஓடிவிட்டது. இந்தப் படிப்பில் சேரலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்து கை அலுத்துவிட்டது.

சேர்க்கை நேரத்தில் துறையில் மூன்று விஷயம் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகம் பேருக்குத் தாய்மொழி ஜெர்மன்தான். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன், லக்சம்பர்க், பெல்ஜியம் என்று ஆறு நாடுகளில் அது ஆட்சிமொழி. ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். ஜெர்மன் தெரிந்தவருக்கு வேலை குறைவு, ஜெர்மனும் தெரிந்தவருக்குத்தான் வேலை நிறைய. ஜெர்மனும் தெரிந்த கணக்காளர், ஜெர்மனும் தெரிந்த நர்ஸ், ஜெர்மனும் தெரிந்த மென்பொருள் டெஸ்டர். அந்த ஒரு 'உம்' எனக்குப் புரிய டிகிரி முடிந்து எட்டு மாதம் வேலை தேட வேண்டியிருந்தது.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

முதல் வருடம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். இரண்டு செமஸ்டருக்குள் பி1 வரை (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும் ஐரோப்பிய மொழித் தர வரிசையில் மூன்றாம் படி) இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், வேகம் அதிகம்தான், ஆனால் பிடித்துக்கொள்ளலாம். எல்லோரும் பயப்படுவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (இரண்டும் இல்லாதது) என்ற மூன்று பாலுக்கு. பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லே அலிப்பால் மாதிரி நடுவில் நிற்கும், காரணம் 'ஷென்' என்று முடிந்து சிறியது, செல்லமானது என்று காட்டும் பெயர் எல்லாம் 'டாஸ்'தான் என்பது. உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரித்துப் பழகிய நமக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் 'உங்', 'ஹைட்', 'கைட்' என்று முடிந்தால் பெண்பால் என்பது போல விகுதியை வைத்துப் பாதிக்கு மேல் பிடித்துவிடலாம் என்று யாராவது முதல் வாரமே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு மனப்பாடம் செய்திருக்க மாட்டேன். எங்களுக்குச் சொன்னது மூன்றாவது செமஸ்டரில்.

யாரும் சொல்லாத இன்னொன்று, தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜெர்மன் இலக்கணத்தில் சில இடங்கள் சொந்த வீடு மாதிரி. ஜெர்மனில் நான்கு வேற்றுமை, நம்மிடம் எட்டு. வேற்றுமை என்றால் என்ன என்பதே புரியாமல் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திண்டாடியபோது, 'ஐ' உருபு வரும் இடம் அக்குஸாட்டிவ், 'கு' வரும் இடம் டாட்டிவ், 'உடைய' வரும் இடம் கெனிட்டிவ் என்று நோட்டில் மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்தேன். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனாலும் நூற்றுக்கு எழுபது தடவை காப்பாற்றியது. அதைவிட அழகு, 'எனக்குக் குளிர்கிறது' என்பதை ஜெர்மனில் 'மியர் இஸ்ட் கால்ட்' என்பார்கள், 'மியர்' என்றால் 'எனக்கு' என்றேதான் அர்த்தம். 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதும் அதே அச்சு. ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் 'நான் குளிராக இருக்கிறேன்' என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். வெயில் நாளில் அதே பாணியில் 'நான் சூடாக இருக்கிறேன்' என்று சொன்னால் ஜெர்மனில் அர்த்தம் வேறு எங்கோ போய்விடும், வகுப்பில் ஒருவர் பேராசிரியரிடமே சொல்லிவிட்டார், விடுங்கள்.

துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் உட்காருவதும் நமக்குப் பழக்கம்தான். 'ஏனென்றால்' என்று தொடங்கினால் வினை கடைசிக்கு ஓடிவிடும், வாக்கியம் முடியும் வரை காத்திருந்து கேட்க வேண்டும், நாம் தினமும் செய்வது அதுதானே. 'நீ', 'நீங்கள்' வித்தியாசத்துக்கும் 'டு', 'ஸீ' வித்தியாசத்துக்கும் தனியாக விளக்கமே தேவைப்படவில்லை. எந்த இடத்தில் மரியாதை விட்டுப்போனால் எதிராளி முகம் சுருங்கும் என்பது உடம்பிலேயே இருக்கிறது.

ஆனால் பிரியும் வினைச்சொற்கள் இருக்கின்றனவே, அங்கேதான் எல்லோரும் சமம். 'ஊம்ஃபாரன்' என்று ஒரு வினை. முன்பகுதியில் அழுத்தம் கொடுத்தால் வண்டியால் இடித்துத் தள்ளுவது, பின்பகுதியில் அழுத்தம் கொடுத்தால் சுற்றிக்கொண்டு போவது. எழுத்தில் இரண்டும் ஒன்று. போக்குவரத்துக் குறிப்பை மொழிபெயர்க்கும்போது இதில் தவறினால் விளைவு என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடத்தில் மொழி வரலாறு என்று ஒரு பேப்பர். எதற்கு இந்தக் கொடுமை என்று புலம்பிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். ஆங்கில 'டென்' ஜெர்மனில் 'ட்சேன்', 'வாட்டர்' இங்கே 'வாஸர்', 'ஆப்பிள்' இங்கே 'அப்ஃபெல்', 'ஷிப்' இங்கே 'ஷிஃப்'. ஒரு காலத்தில் தெற்கே தொடங்கிய ஒலி மாற்றம் 'ட'வை 'ஸ', 'ட்ஸ' என்றும், 'ப'வை 'ஃப', 'ப்ஃப' என்றும் மாற்றிவிட்டது. இது புரிந்த வாரத்திலிருந்து தெரியாத சொல்லைப் பார்த்தாலும் ஊகிக்க முடிந்தது, அகராதி புரட்டும் நேரம் பாதியாகக் குறைந்தது. மொழி நிறுவனங்களில் மூன்று மாத கோர்ஸ் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. இதற்கு ஒரு மார்க் தாராளமாகக் கொடுக்கலாம்.

இலக்கியப் பேப்பர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியரைப் பொறுத்தது. நல்லவர் வந்தால் ஒரு பக்கத்தை இரண்டு மணி நேரம் படிக்க வைப்பார், மோசமானவர் வந்தால் தயார் நோட்ஸை ஒப்பிப்பார். எனக்கு இரண்டு வகையும் வாய்த்தது.

இப்போது கழித்த மார்க்குகள்.

பேச்சுப் பயிற்சி. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் ஐம்பது நிமிடத்தில் ஒருவர் எத்தனை வாக்கியம் பேச முடியும்? நான் கணக்குப் பார்த்ததில் வாரத்துக்கு ஆறேழு வாக்கியம். கேட்டல் பயிற்சி அதைவிட மோசம், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகப் பேசும் ஒலிப்பதிவுகள்தான் போட்டார்கள். நிஜத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் முதன்முதலாகப் போனில் பேசியபோது நான் மூன்று வருடம் படித்தது வேறு ஏதோ மொழி என்று நினைத்துக்கொண்டேன்.

எண்கள் தனி வேதனை. நாற்பத்தைந்து என்பதை 'ஐந்தும் நாற்பதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். போன் நம்பரை இரண்டிரண்டாகச் சொன்னால் எழுதும் கை குழம்பிப்போகும். இதைவிடப் பெரிய பொறி நேரத்தில். 'ஹால்ப் ட்சேன்' என்றால் பாதிப் பத்து, அதாவது பத்தை நோக்கிப் பாதி வந்தாயிற்று, ஒன்பதரை. என் முதல் நேர்காணலுக்குப் போனில் அந்த நேரம்தான் சொன்னார்கள், நான் பத்தரை என்று குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டு இணைப்பில் போய் உட்கார்ந்தேன். எதிரே யாரும் இல்லை. பாடமாக இது முதல் செமஸ்டரிலேயே வந்ததுதான், தேர்வில் முழு மார்க்கும் வாங்கியிருந்தேன், காதில் மட்டும் ஏறவில்லை.

அடுத்தது சான்றிதழ். இதுதான் என் பெரிய மனத்தாங்கல். மூன்று வருடம் ஜெர்மனே முதன்மைப் பாடமாகப் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தால், விண்ணப்பித்த இடத்தில் முதல் கேள்வி "பி2 சர்டிஃபிகேட் இருக்கா?" பட்டச் சான்றிதழை நீட்டினால் அதைப் பார்க்கவே இல்லை. ஜெர்மனியின் மொழி, கலாச்சார அமைப்பான கதே நிறுவனத்தின் தேர்வோ, டெல்க், ஓஎஸ்டி, டெஸ்ட்டாஃப் என்ற மற்ற ஜெர்மன் தேர்வுகளில் ஏதாவது ஒன்றோ எழுதியாக வேண்டும். இதைத் துறையில் யாருமே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் படிக்கும்போதே முடித்திருப்பேன். கதே பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். எழுதுதலில் பிய்த்துக்கொண்டு போனேன், கேட்டலில் விழுந்தேன். நல்லவேளை, விழுந்த பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். மூன்று வருடப் படிப்பின் லட்சணத்தை அந்த மதிப்பெண் அட்டை ஒரே பார்வையில் காட்டிவிட்டது.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் மூன்றரை என்றால், வேலைக்கு வந்த பிறகுதான் படிப்பின் அருமை தெரிந்தது. ஒரு உதாரணம் சொல்கிறேன், இதற்காகவே இந்தப் படிப்பைச் சிபாரிசு செய்வேன்.

ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகும்போது 'ஆர்பைட்ஸ்ட்ஸொய்க்னிஸ்' என்று ஒரு பணிச் சான்று கொடுப்பார்கள், அதைக் கேட்டு வாங்குவது ஊழியரின் சட்ட உரிமை. அதில் ஊழியரைக் கெடுக்கும்படி வெளிப்படையாக எழுதக் கூடாது. அதனால் மேலாளர்கள் ஒரு சங்கேத மொழியை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். 'எங்களுக்குத் திருப்தி அளிக்கும் வகையில் பணியாற்றினார்' என்று இருந்தால் நமக்குப் பாராட்டு மாதிரித் தெரியும். உண்மையில் அது ஏதோ தேறினார் என்ற அளவு. 'முழுத் திருப்தி' என்றால் சுமார். 'எப்போதும் முழுத் திருப்தி' என்றால் நல்லவர். 'எப்போதும் மிக முழுமையான திருப்தி' என்று, இலக்கணப்படி பார்த்தால் அபத்தமாக, முழுமைக்கும் மேலே ஒரு முழுமை போட்டிருந்தால்தான் முதல் தரம். 'முயற்சி செய்தார்' என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது, ஒன்றும் கிழிக்கவில்லை என்று பொருள்.

மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் இப்படி ஒரு சான்று என் மேசைக்கு வந்தது. மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டால் பாராட்டுக் கடிதமாக வந்தது. 'எப்போதும்' என்ற சொல் விட்டுப்போயிருப்பதை நான் கவனித்து ஓரக்குறிப்பு எழுதினேன், மேலாளர் அன்றைக்குத்தான் என்னை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். சொல்லாமல் விட்டதைப் படிக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ஒரு பக்கத்தை இரண்டு மணி நேரம் படிக்க வைத்த அந்த இலக்கிய வகுப்புதான்.

இன்னொரு எதிர்பாராத இடம் எஸ்ஏபி, பெரிய நிறுவனங்கள் கணக்கு, கொள்முதல், விற்பனையை நடத்தும் மென்பொருள். 1972-ல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம் என்பதால் அந்த மென்பொருளின் அடிவயிறு முழுக்க ஜெர்மன் சுருக்கங்கள். நிறுவனக் குறியீட்டுப் புலத்தின் (தரவைப் பதியும் கட்டத்தின்) பெயர் 'புக்ர்ஸ்', அது 'பூஹுங்ஸ்க்ரைஸ்' என்பதன் சுருக்கம். வாடிக்கையாளர் எண் 'குன்னர்', 'குண்டன்னும்மர்'. சரக்கு கொடுப்பவர் எண் 'லிஃப்னர்', 'லீஃபரான்டன்னும்மர்'. கணினி படித்த நண்பர்கள் இதையெல்லாம் புரியாமல் உருப்போட்டபோது நான் பெயரைப் பார்த்தே அது என்ன புலம் என்று சொன்னேன். அதற்காக யாரும் சம்பளம் ஏற்றவில்லை, ஆனால் அந்த அணிக்குள் நுழைய அதுதான் கதவு திறந்தது. ஜெர்மனோடு கணக்கியலோ எஸ்ஏபியோ சேர்த்துப் படித்தவர்களை நான் வேலையில்லாமல் பார்த்ததில்லை.

காப்புரிமைத் துறையையும் யோசிக்கலாம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தலைமையகம் மியூனிக்கில், அதன் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றுதான். காப்புரிமை கிடைக்கும் கட்டத்தில், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக்கோரல் பகுதியை மற்ற இரண்டு மொழிகளிலும் தர வேண்டும். அறிவியல் பின்னணி உள்ள ஒருவர் ஜெர்மனும் படித்தால் இங்கே நல்ல இடம் இருக்கிறது. எனக்கு அறிவியல் வராது, அதனால் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

ஜெர்மனிக்கே போவது பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அதற்கு ஜெர்மன் பட்டம் தேவையில்லை, ஜெர்மன் தேவை. இரண்டும் வேறு. நர்ஸ் வேலைக்குப் பொதுவாக பி2 கேட்கிறார்கள், மருத்துவர்களுக்கு அதற்கு மேல் மருத்துவ மொழித் தேர்வு ஒன்று தனியாக உண்டு. 2024 ஜூன் மாதம் வந்த 'ஷான்ஸன்கார்ட்டே' என்ற வேலை தேடும் அனுமதிக்கு, புள்ளிக் கணக்கில் வருகிறவர்களுக்கு ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 இருந்தால் குறைந்தபட்சத் தகுதி, ஜெர்மன் ஏற ஏறப் புள்ளியும் ஏறும். பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டில் போனவர்கள் நிரந்தர வசிப்புக்கு 27 மாதம் காத்திருக்க வேண்டும், பி1 இருந்தால் 21 மாதம் போதும். மொழிக்கு ஆறு மாதம் தள்ளுபடி என்று எங்கள் அலுவலகத்தில் கிண்டலாகச் சொல்வோம். பெர்லினில் ஐடி வேலைக்கு ஆங்கிலம் போதும் என்கிறார்கள், வேலைக்குப் போதும்தான். வீட்டு வாடகை ஒப்பந்தமும் வரி அலுவலகக் கடிதமும் ஜெர்மனில்தான் வரும். ஜெர்மனியின் பொறியியல் பலமே சிறு ஊர்களில் இருக்கும் நடுத்தரக் குடும்ப நிறுவனங்கள், அங்கே மதிய உணவு மேசையில் யாரும் நமக்காக ஆங்கிலத்துக்கு மாற மாட்டார்கள்.

மேற்படிப்புக்குப் போகிறவர்கள் கவனிக்க: ஜெர்மன் மொழியில் நடக்கும் படிப்புக்குப் பொதுவாக டெஸ்ட்டாஃபில் நான்கு பகுதியிலும் 4 என்ற தரம் கேட்பார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். டாட் என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு 1925-லிருந்து இருக்கிறது, உதவித்தொகைப் பட்டியலை இரண்டாம் வருடத்திலேயே பார்க்க ஆரம்பியுங்கள். நான் மூன்றாம் வருடக் கடைசியில் பார்த்தேன், கடைசித் தேதி போய்விட்டிருந்தது.

மெஷின் வந்துவிட்டதே, இனி மொழிபெயர்ப்பாளருக்கு வேலை உண்டா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: குறைந்துவிட்டது. கொலோன் நகரத்திலிருந்து டீப்எல் என்ற மொழிபெயர்ப்பு மெஷின் வந்தது 2017-ல், சாதாரணக் கையேடு, மின்னஞ்சல் எல்லாம் அதற்குப் பிறகு மெஷின் எழுதியதைத் திருத்தும் வேலையாக மாறிவிட்டது, கூலியும் அதற்கேற்ப இறங்கிவிட்டது. நான் முழுநேர மொழிபெயர்ப்பை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஒப்பந்தம், நீதிமன்ற ஆவணம், மேலே சொன்ன பணிச் சான்று மாதிரி ஒரு சொல்லுக்காக ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டிய இடங்கள் இன்னும் மனிதர்களிடம்தான் இருக்கின்றன. அதை மட்டுமே நம்பி மூன்று வருடம் படிக்காதீர்கள்.

ஆக, யாருக்கு இது? வெளிநாட்டு வேலைக்கு மொழி மட்டும் வேண்டும் என்றால் பட்டப்படிப்பு சுற்றுவழி. பி2 வரை வர 600 முதல் 800 பாடவேளை என்பது பொதுவான கணக்கு, நல்ல மொழி நிறுவனத்தில் ஒன்றரை வருடத்தில் முடிக்கலாம், உங்கள் சொந்தத் துறையை விடாமலே. ஆசிரியராக, ஆராய்ச்சியாளராக, பதிப்பகத்தில், அல்லது ஒரு சொல்லைத் தூக்கி வைத்துப் பார்க்கும் எந்த வேலையிலாவது இருக்கப் போகிறீர்கள் என்றால் பட்டப்படிப்பு. இரண்டாம் பாடத்தைத் தேர்ந்தெடுக்க விடும் பல்கலைக்கழகமாகப் பார்த்துச் சேருங்கள். அந்த 'உம்' அங்கிருந்துதான் வரும். என் தம்பி முறை உள்ள ஒருவன் போன மாதம் கேட்டான், "அக்கா, ஜெர்மன் எடுத்தா மேத்ஸை விட்டுடலாம்ல?" விடவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், கேட்பானா தெரியாது.

மூன்றரையில் அந்த அரை மார்க் எதற்குக் கொடுத்தேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்காம் செமஸ்டரில் வயதான பேராசிரியர் ஒருவர் வணிகக் கடிதம் என்ற பாடம் எடுத்தார். வாரம் ஒரு கடிதம்: தாமதமான சரக்குக்குப் புகார், அதற்கு மன்னிப்பு, பாக்கிக்கு நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், வழக்குப் போடுவோம் என்று மரியாதையாக மிரட்டும் மூன்றாம் நினைவூட்டல். சிவப்பு மையில் வரிக்கு வரி திருத்தி அடுத்த வாரமே திருப்பித் தருவார். மொத்த டிகிரியிலும் நான் தினமும் பயன்படுத்துவது அதைத்தான். அந்தப் பாடத்தை இப்போது விருப்பப் பாடமாக்கிவிட்டார்கள் என்று ஜூனியர் ஒருவர் சொன்னார். நீங்கள் சேரப் போகும் இடத்தின் பாடத்திட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் மற்றவர்கள் எடுக்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள்.